மச்சினன் போனுக்கு மட்டும் டவர்

ஹலோ… ஹலோ… ஆரு, மனுசங்கதான பேசறது? மிஷினு இல்லீங்களே?…

அப்பாடா! ஒன்னை அமுக்கு, ரெண்டை அமுக்கு, தமிழுக்கு இதை அமுக்குன்னு அமுக்கி அமுக்கி வெரலே தேஞ்சு போச்சுங்க. நடுவால பாட்டு வேற போடறீங்க. நான் என்ன பாட்டுக் கேக்கவா போன் பண்ணேன்?…

ம்… ம்… சொல்லுங்க… வித்யாஸ்ரீங்களா? சரிங்க. நான் சின்னுசாமிங்க… ஆமாங்க, இதே நம்பருதான். இப்பப் பேசறேனில்ல, இதேதான்… ஆமா ஆமா, எம் பேர்லதான் இருக்குது.

கம்ப்ளைண்டுங்க. டவரு இல்லீங்க.

… இல்லீங்க, இப்ப இருக்குது. இருக்கறதுனாலதான பேசறேன்? இந்த எடத்துல மட்டுந்தான் இருக்குது. மலை ரோட்டு வளைவுல, ஓரத்துல கைப்பிடிச் செவுரு ஒன்னு இருக்குதுங்க. அதுமேல ஏறி, ஒடம்பை வெளிப்பக்கமாச் சாச்சுக்கிட்டு நிக்கறேன். கீழ பாத்தா கெடுகெடுன்னு பள்ளம். இப்படி நின்னாத்தான் நீங்க பேசறது கேக்குது. காலை ஒரு சாண் அக்கட்டால வெச்சனா… ஹலோ?… ஹலோ?… ஆ! பாத்தீங்களா? போயிட்டு வந்தீங்க. அதாங்க கம்ப்ளைண்டு.

… கொல்லிமலைங்க… கொடைக்கானல் இல்லீங்க, கொல்லி, கொல்லிமலை. நாமக்கல் பக்கம்… ஆமாங்க, அருவி இருக்குது, அரப்பளீஸ்வரர் கோயில் இருக்குது… வந்ததே இல்லீங்களா? ஒருக்கா வாங்க. வளைவு வளைவா ஏறோணும், நெம்பப் பேருக்கு வாந்தி வரும். எலுமிச்சம்பழம் ஒன்னு கையில வெச்சுக்கோங்க.

சரி, விசயத்துக்கு வாரேன். எனக்கு ஊரு அடிவாரத்துல, காரவள்ளிக்குப் பக்கம். தோட்டங்காடு இருக்குது, ஒரு மினி லாரியும் வெச்சிருக்கேன். மேல திருப்புலி நாடு, குண்டனி நாடுன்னு மலை ஊருகளுக்குப் போயி பலாப்பழம், வாழைத்தாரு, குச்சிக்கிழங்கு எல்லாம் ஏத்திக்கிட்டு வந்து கீழ சந்தையில போடறது… ஆமாங்க, பொழுதன்னிக்கும் மலை மேலதான். பொங்கலுக்கு வாங்குன போனுங்க இது. கீழ இருக்கற வரைக்கும் பேசுது. மேல ஏறிட்டா செத்த ஓணானாட்டம் பாக்கெட்டுல கெடக்குது.

… ம்… கவரேஜு… கவரேஜு ஏரியா… ஓ. கீழ தரைக்காட்டுக்கு மட்டுந்தான் கவரேஜுங்களா? அப்படியா. அது சரிங்க. அப்ப சென்றாயன் போனுக்கு மட்டும் எப்படி வருது?

சென்றாயனுங்க. எம் மச்சினன். எங்கூட்டுக்காரி ராமாயி இருக்கால்ல, அவளுக்குக் கூடப் பொறந்த தம்பி… இல்லீங்க, அவன் வேற கம்பெனி. அவனுக்கு மலை மேல செம்மேட்டுலயும் வருது, சோளக்காட்டுலயும் வருது. வாசலூர்பட்டியில ஒரு ஏரி இருக்குது, படகு உடுவாங்க. அந்த ஏரிக்கு நடுவால போனாலும் வருதுங்க அவனுக்கு! கண்ணால பாத்தேன். நான் கரையில பலாப்பழம் ஏத்திக்கிட்டு நிக்கறேன், வேர்த்து ஊத்துது. அவன் டூரிஸ்டுக்காரங்களோட படகுல உக்காந்துக்கிட்டு, 'ஹலோ… ஆமா சார், வேன் ரெடி சார், வந்துருங்க சார்'னு கத்தறான். கால் மேல கால் போட்டுக்கிட்டு! படகுல ஆராச்சும் கால் மேல கால் போடுவாங்களா? கவுந்துராது?

… சிரிக்காதீங்க. எனக்கு வயிறு எரியுது.

வேனு ஓட்டறானுங்க அவன். டூரிஸ்டுகளை ஏத்தி எறக்கறது. வேனுக்குப் பொறகால மஞ்சப் பெயிண்டுல போன் நம்பரை எழுதி வெச்சிருக்கான். ஒவ்வொரு எழுத்தும் பூசணிக்காயாட்டம் இருக்கும். வளைவுல அவனுக்குப் பின்னாடி மாட்டுனா அடிவாரம் வரைக்கும் அந்த நம்பரையே பாத்துக்கிட்டு எறங்கோணும். எம் நம்பரைக் கேட்டா நான் யோசிச்சுத்தான் சொல்லுவேன். அவன் நம்பரைத் தூக்கத்துல கேட்டாலும் சொல்லிப்போடுவேன்.

ஏய்! ஏய், சூ! டேய் அருணாசலம், எடுத்துட்டு ஓடுது பார்றா! தார்ப்பாயை இழுத்து மூடு!… இல்லீங்க, உங்களை இல்லீங்க. கொரங்கு. வண்டி மேல ஏறி வாழைத்தாரைப் பிய்க்குது. கூட லோடுமேன் அருணாசலம் இருக்கான், அவன் வெரட்டிக்குவான். நீங்க சொல்லுங்க.

… நானா? நான் ஏன் அந்தக் கம்பெனியே வாங்கலையா?… அது வந்துங்க… கடைக்காரரு சொன்னாரு. 'மலைக்கு அதுதான் எடுக்கும், இது எடுக்காது'ன்னு… சொன்னாரு, சொன்னாரு. இல்லைங்கல. ஆனா அவன் வாங்குனதையே நானும் வாங்கிக்கிட்டு வந்து நின்னா ஊருக்குள்ள என்ன பேசுவாங்க? மச்சினனைப் பாத்து சின்னுசாமி சூடு போட்டுக்கிட்டான்ம்பாங்க… சரிங்க. சரிங்க. உடுங்க அதை.

உனக்கு வயசு என்ன கண்ணு இருக்கும்?… சொல்லக் கூடாதா? சரி, சரி. கொரலைக் கேட்டா எம் பொண்ணு நாகலட்சுமி வயசாத்தான் தெரியுது. அதான் கண்ணுன்னுட்டேன். தப்பா எடுத்துக்காதே.

அவளுக்காகத்தான் இந்தப் போனே.

திருப்பூர்ல கட்டிக் குடுத்திருக்குது. மருமவன் கோகுல்நாத்து, பனியன் கம்பெனியில சூப்பர்வைசரு. இப்ப அவ மாசமா இருக்கா. மொதக் கொழந்தை. கட்டுச்சோத்து விருந்து போட்டு ஊட்டுக்குக் கூட்டியாந்தரலாம்னு எல்லாம் ஏற்பாடு பண்ணியாச்சு. டாக்டரம்மா, கார்ல பஸ்ஸுல எங்கயும் அலையக் கூடாது, படுத்தே கெடக்கோணும்னுட்டாங்க. அதனால ராமாயி அங்க போயிட்டா. அடுத்த வாரம் நாள் குடுத்திருக்காங்க. நானும் அடுத்த வாரம் போறதுதான். இப்பப் போனா மாடு கன்னை ஆரு பாப்பா? பலா சீசன் வேற.

… ஊட்டுல கம்பிப் போனு இருக்குது கண்ணு. எடுக்க ஊட்டுல ஆரு இருக்கா?

அவ மாசமா இருக்கற சேதி மொதல்ல ஆருக்குத் தெரிஞ்சுது, சொல்லு பாக்கலாம்?… ராமாயி இல்ல… நானும் இல்ல… சென்றாயனுக்கு! ஊட்டுக் கம்பிப் போனு மழையில செத்துக் கெடந்துச்சு, அவகிட்ட வேற அவன் நம்பருதான் இருந்துச்சு அப்ப. நான், பெத்த அப்பன், தீபாவளி மழையில திருப்புலி நாட்டுல சேத்துல சிக்குன வண்டியத் தள்ளிக்கிட்டு நிக்கறேன். அவன் வந்து வேனை நிறுத்தறான். கண்ணாடிய எறக்கறான். 'மச்சான், நீங்க அப்புச்சி ஆவப் போறீங்க'ங்கறான்.

… அப்புச்சின்னா அம்மாவுக்கு அப்பன் கண்ணு. எங்க பக்கம் அப்படித்தான் கூப்புடுவாங்க.

எப்படி இருக்கும் எனக்கு? சந்தோசந்தான். சந்தோசப்படாம இருந்தா நான் மனுசனா? ஆனா அந்தச் சந்தோசம் அவன் வாயில இருந்து வந்துச்சு பாரு… அவன் மொதல்ல வயிறு நெறயச் சந்தோசப்பட்டுட்டு, மிச்சத்தைக் கொண்டாந்து எனக்குக் குடுத்த மாதிரி இருந்துச்சு. மூஞ்சியில என்ன ஒரு பூரிப்பு! ஆரு பேரன் பேத்திக்கு ஆரு பூரிக்கறது?

அன்னிக்கு முடிவு பண்ணேன். நானும் ஒரு போனை வாங்கறது, எம் பொண்ணு இனிமே எனக்குத்தான் மொதல்ல சொல்லோணும்னு. வாங்குனேன். நம்பரைக் குடுத்தேன். அப்பவும் பாரு… ஸ்கேன் எடுத்தாங்க, அவன்தான் வந்து சொன்னான். வாந்தி நின்னுருச்சு, அதுவும் அவன்தான். கொழந்தை ஒதைக்குதாம், அதையும் அவன்தான் வந்து சொல்றான்! 'நாகுக்கு வயித்துல ஒதைக்குதாம் மச்சான்'ங்கறான். நான் பலாப்பழத்தைத் தூக்கிக்கிட்டு நிக்கறேன். அப்படியே கீழ போட்டுட்டேன். பொளந்துக்கிச்சு.

அவகிட்டயே கேட்டேன் கண்ணு. ஞாயித்துக்கெழமை கீழ இருக்கறப்பப் பேசுனா. 'ஏஞ்சாமி, இந்த அப்பனுக்கு ஒரு போன் பண்ண மாட்டியா? மாமனுக்குத்தான் பண்ணுவியா?'ன்னு கேட்டேன். அதுக்கு அவ, 'உங்களுக்குத்தாம்பா பண்றேன், மாமா எடுக்கறாங்க'ங்கறா. அது எப்படி? எம் போனுக்குப் பண்ணா அவன் எப்படி எடுப்பான்? எனக்கு மனசு நோவக் கூடாதுன்னு புள்ள பொய் சொல்லுதுன்னு நெனச்சுக்கிட்டேன். அதுக்கு மேல கேக்கல. கேட்டு அவ வாயால, 'ஆமாப்பா, மாமாவுக்குத்தான் பண்ணேன்'னு சொல்லிட்டா?

… என்னது?… மறுபடி சொல்லு… ஆமா, எம் போனுக்குப் பண்ணா அவன் எடுக்கறான்னுதான் சொல்றா… என்ன செட்டிங்கு?… பாரு கண்ணு, நல்லாப் பாரு. நான் நகர மாட்டேன்.

…

… பஸ்ஸு போவுது கண்ணு, அதான் சத்தம். டிரைவரு திட்டறாரு. 'செவுத்து மேல ஏறிக்கிட்டு என்னய்யா பண்றே, குதிக்கப் போறியா'ங்கறாரு… டவருக்குங்க! டவருக்கு! போங்க நீங்க!

ம், சொல்லு. இருக்கேன்… டை… டைவர்ட்டா? அப்படின்னா?… ம்… ம்… எம் போன்ல டவரு இல்லைன்னா… ம்… எனக்கு வர்றது தானா வேற நம்பருக்குப் போயிரும். சரி. அதை ஆரோ போட்டு வெச்சிருக்காங்களா? எம் போன்லயா?… எந்த நம்பருக்கு?… சொல்லு… ம்… ம்… ம்…

நிறுத்து கண்ணு. போதும். மிச்சம் எனக்கே தெரியும்.

பூசணிக்காயாட்டம் எழுதி வெச்சிருக்கான்ல, அதேதான்.

திருட்டுப் பய! ஏங்கண்ணு, எங்க ஊர்ல வாய்க்காத் தண்ணிய மடை திருப்பறவனைப் பாத்திருக்கேன். ஆளு இல்லாத நேரமாப் பாத்து அடுத்தவன் காட்டுத் தண்ணியத் தன் காட்டுக்குத் திருப்பிக்குவான். அதுக்கே வெட்டுக்குத்து ஆவும். இவன் எம் பொண்ணு எனக்குப் பண்ற போனை மடை திருப்பிக்கிட்டிருக்கான் கண்ணு! எல்லாம் எனக்கு வந்தது! ஸ்கேன் எடுத்தது எனக்கு வந்தது. ஒதைச்சது எனக்கு வந்தது. புள்ள நெசத்தைத்தான் சொல்லிருக்குது, நான்தான் நம்பல.

எப்பப் போட்டான் தெரியுமா? போன் வாங்குன அன்னிக்கே. ராமாயிதான், 'தம்பிகிட்டக் குடுங்க, அவனுக்குத்தான் இதெல்லாம் தெரியும்'னா. இவன் வாங்கி, இப்படித் திருப்பி அப்படித் திருப்பி டொக்கு டொக்குன்னு அமுக்குனான். 'எல்லாம் சரி பண்ணிட்டேன் மச்சான், இனிமே ஒன்னும் தப்பாது'ன்னான். நான் அவனுக்குக் காப்பி வேற வெச்சுக் குடுத்தேன்! நானே வெச்சுக் குடுத்தேன்!

… எடுத்துரு. ஆமா. இப்பவே எடு… கன்பார்முதான். ஆயிரம் கன்பார்மு. எடு நீ…

…

எடுத்துட்டியா? இனிமே அவனுக்குப் போவாதுல்ல?… போவவே போவாதுல்ல?… ஹா! இப்ப உக்காருடா படகுல, கால் மேல கால் போட்டுக்கிட்டு! உம் போனு அடிக்குதான்னு பாரு!

அப்பா… நெஞ்சுல இருந்து கல்லை எறக்கி வெச்ச மாதிரி இருக்குது கண்ணு. நீ நல்லா இருப்பே.

… ம்?… ஆமா, மேல போனா எடுக்காதுதான்… அவ பண்ணா என்ன கேக்கும்?… ஓ, அந்தப் பொம்பள பேசுமே, தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார்னு. பேசட்டும். பேசிட்டுப் போவுது. நான் பொழுது சாய இந்த வளைவுக்கு வந்து நானே கூப்புட்டுக்கறேன்… அவசரம்னாவா? அவசரம்னா…

… அடுத்த வாரந்தான் கண்ணு நாளு. இப்ப என்ன அவசரம் வரப் போவுது?

…

என்ன கண்ணு கேக்கறே?… அவகூட ஆரு இருக்கான்னா?

… ஆமா, ராமாயி மட்டுந்தான் கூட இருக்கா. மருமவனுக்கு இந்த வாரம் நைட் ஷிப்டு… ம். முன்னாடியே வந்தாலும் வரும். நாகு பொறந்ததே அப்படித்தான். நாள் இன்னும் கெடக்குதுன்னு ராமாயி தோட்டத்துல மஞ்சளுக்குத் தண்ணி கட்டிக்கிட்டு இருந்தா. அப்படியே வலி கண்டுருச்சு. கட்டை வண்டியில தூக்கிப் போட்டுக்கிட்டுப் போனோம். வண்டிய ஆரு ஓட்டுனது?… அவன்தான். சென்றாயன்தான். அப்ப மீசை கூட மொளைக்கல அவனுக்கு. மாட்டை அந்த வெரட்டு வெரட்டுனான். நான் பின்னால உக்காந்து ராமாயி தலையப் புடிச்சுக்கிட்டு இருந்தேன், எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல.

… வேற நம்பரா? வேற நம்பருக்குத் திருப்பி உடலாமா?… உடலாமா! அதை மொதல்லயே சொல்றதுதான? இரு, யோசிச்சுச் சொல்றேன்.

எங்கண்ணன் பையன் கவியரசன் ஒரு போனு வெச்சிருக்கான். நாமக்கல்ல காலேஜு படிக்கறான். அவன்… அவன் போனை எடுப்பான். எடுத்துட்டு, 'சித்தப்பா மலை மேல இருக்காரு'ன்னு சொல்லி வெச்சுருவான். வந்து சொல்லுவானா? சொல்ல மாட்டான். அப்பறம்… எங்க ஊரு உரக்கடைக்காரரு. அவரு கடைய உட்டுட்டு வருவாரா? வர மாட்டாரு…

மலையில நான் எங்க நிக்கறேன்னு எனக்கே காலையில தெரியாது கண்ணு. ஒரு நாளு குண்டனி நாடு, ஒரு நாளு திருப்புலி நாடு. ஒவ்வொரு காடாத் தேடிக்கிட்டு ஆரு வருவா?

… அவன் வருவான்.

வந்தானே. கொழந்தை ஒதைக்குதுங்கறதைச் சொல்றதுக்கு, ஏத்திக்கிட்டு வந்த ஆளுங்களை அருவியில எறக்கி உட்டுட்டு, குண்டனி நாட்டுக்குக் காலி வேனை ஓட்டிக்கிட்டு வந்தான். வேனுல பாதி வரைக்கும் சேறு. நான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டு, 'தெரியும், தெரியும், எனக்கு முன்னாடியே தெரியும்'னுட்டேன். தெரியாது. ஆனாத் தெரியும்னேன். அவன், 'சரிங் மச்சான்'னு வேனைத் திருப்பிக்கிட்டுப் போயிட்டான்.

… அவனுக்கா? இல்ல கண்ணு. கொழந்தை இல்ல. கலியாணமாயி எத்தனையோ வருசமாச்சு. ஏறாத கோயிலு இல்ல, பாக்காத டாக்டரு இல்ல… நீ ஒன்னும் தப்பாக் கேக்கல. கேளு… ம். நாகுதான் அவனுக்கு எல்லாம். அவ காது குத்துனது அவன் மடியில வெச்சுத்தான். தாய்மாமன் சீரு ஒன்னு பாக்கியில்லாமப் பண்ணிப்போட்டான்.

…

நான் ஒருத்தன்தான் வயிறு எரிஞ்சுக்கிட்டுத் திரியறேன்னு நெனச்சேன் கண்ணு. அவனுக்கும் எரிஞ்சிருக்கும்ல? என்னைப் பாத்து. எனக்குப் போனே வரலைன்னாலும் நான்தான அப்புச்சி. அவனுக்கு எத்தனை போன் வந்தாலும் அவன் மாமன்தான… ம்.

நீ போட்டுரு கண்ணு.

… அந்த டைவர்ட்டை. எடுத்ததை மறுபடியும் போட்டுரு… ஆமா, அந்த நம்பருக்கேதான். வேற ஆருக்கும் வேண்டாம்… ஆனா ஒன்னு, டவரு இல்லைன்னா மட்டுந்தான். டவரு இருந்தா எனக்குத்தான் வரோணும். அதுல ஒரு மாத்தமும் கெடையாது… அப்படித்தான் இருக்குமா? சரி… இல்ல, சந்தோசமாவெல்லாம் சொல்லல. இன்னும் எரிஞ்சுக்கிட்டுத்தான் இருக்குது. எரியட்டும். நீ போடு.

… எத்தனை நேரம் ஆவும்?… சரி, லைன்லயே இருக்கேன்.

… ஆரு இவன், இப்படி ஆரன் அடிச்சுக்கிட்டு வாரான்? வளைவுல இந்த வேகத்துல… டேய் அருணாசலம், ஆரு வேனு அது?…

கண்ணு. அவனே வாரான். சென்றாயன். மேல இருந்து எறங்கி வாரான்… இல்ல, நான் ஒன்னும் கேக்க மாட்டேன். நீயும் ஒன்னும் சொல்லாதே… உங்கொரலு அவனுக்குக் கேக்காதா? சரி.

என்றா? ஏன்டா இப்படி எளைக்கறே? வேன்லதான வந்தே?… மெதுவாச் சொல்லு… எப்ப? காலையிலயா?… ஆரு, கோகுல்நாத்தா? எனக்குப் பண்ணி, எடுக்கலைன்னு உனக்கு வந்துச்சா?… என்ன சொன்னாரு?…

வலி வந்துருச்சா!

… கண்ணு, நாகுக்கு வலி வந்துருச்சாம். காலையிலயே ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்களாம். எனக்குப் பண்ணது இவனுக்குப் போயிருக்குது. அப்ப நான் திருப்புலி நாட்டுல காட்டுக்குள்ள நின்னேன். இவன் அங்க ஒவ்வொரு காடாத் தேடிட்டு, குண்டனி நாட்டுக்கும் போயித் தேடிட்டு வாரான்…

அப்பறம் என்னடா ஆச்சு?… தெரியாதுன்னா? ஏன்டா தெரியாது? உம் போனை எடு, கூப்புடு!… சார்ஜு தீந்துருச்சா? இந்த நேரத்துலயா? நிமிசத்துக்கொருக்கா அடிச்சுக்கிட்டே இருந்தியா… எங்க எங்கன்னு கேட்டு எல்லாருக்கும் பண்ணியா…

கண்ணு, இவன் போன்ல சார்ஜு இல்ல. நான் கூப்புடலாம்னா எம் போன்ல பைசா இல்ல. உங்க நம்பருக்குத்தான் சும்மா போவும்னு நேத்தே கடையில சொன்னாங்க, அதான் கூப்புட்டேன்… வேன்ல ஏறுங்கறான். டேய், இரு! நான் எறங்குனா டவரு போயிரும். அடிவாரம் போற வரைக்கும் ஒன்னும் கேக்காது. அதுக்குள்ள அவங்க கூப்புட்டா? ரெண்டு பேருல ஆருக்கும் கேக்காது. இங்கயே நில்லு. கொஞ்சம் பொறு. நில்லு.

… ஆமா கண்ணு. நீ சொல்றதுதான் சரி. நீ வெச்சுரு. லைன் சும்மா இருந்தா அவங்க கூப்புடறது வரும். நீ பண்ண ஒத்தாசைக்கு… என்னது அது? காதுல டொய்ங் டொய்ங்குங்குது… ஆமா, நின்னு நின்னு கேக்குது. இப்பவும் கேக்குது… வேற ஆரோ கூப்புடறாங்களா? எனக்கா? நேராவா?

இரு, பாக்கறேன்… மருமவன் நம்பரு! டேய், மருமவன் நம்பரு வருதுடா! எம் போனுக்கு! எம் போனுக்கு வருது!… எதை அமுக்கோணும்?… பச்சையா? அமுக்குனா நீ போயிருவியா?… சரி, போ கண்ணு. போ சாமி. நல்லா இரு. அமுக்கறேன்…

ஹலோ!… ஹலோ!… ராமாயியா? ஆமா, நாந்தான். நானேதான் எடுத்தேன்… இல்ல, அவன் இல்ல, நான்!… சொல்லு… ம்… ம்… பொறந்துருச்சா? எப்ப?… நாகு எப்படி இருக்கா?… நெசமாவா? கண்ணைத் தொறந்து பேசறாளா?… அரப்பளீஸ்வரா… அப்பனே… ம்… கொழந்தை?… நல்லா அழுவுதா… கேக்குது, கேக்குது, எனக்கே கேக்குது ராமாயி…

இரு! இரு இரு! சொல்லாதே. என்ன கொழந்தைன்னு சொல்லிப்போடாதே. ஒரு நிமிசம் பொறு.

டேய் சென்றாயா. அங்க என்ன மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் பள்ளத்தைப் பாத்துக்கிட்டு நிக்கறே? இங்க வா… நீதான்டா, வா. செவுத்து மேல ஏறு… உளுவ மாட்டே, எந்தோளைப் புடிச்சுக்கோ. டேய் அருணாசலம், இவனைப் பின்னால புடி. தலைய இந்தப் பக்கம் கொண்டா. காதை ஒட்டி வெய்யி… இன்னும் கிட்ட… மீசை குத்துதுடா, பரவால்ல, வெய்யி.

ஆங். ராமாயி, இப்பச் சொல்லு. ரெண்டு பேரும் கேக்கறோம். என்ன கொழந்தை?

…

பொட்டப்புள்ளைங்கறாடா!

… ராமாயி?… ஹலோ?… ஹலோ?…

கட்டாயிருச்சு. நகந்தது நீயா, நானா?… சரி, உடு. கண்ணைத் தொடை. வளைவுல வேனு ஓட்டோணும்ல… எறங்கு, மெதுவா. திருப்பூருக்கு உடு.